இறாலும் பிடிகருணையும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் வாய் அரிப்பைத் தரும் உணவுகள் என்று அரைப்பக்கம் வந்திருந்தது. கத்திரிக்காய், இறால், நண்டு, கருணைக்கிழங்கு, அன்னாசி, கருவாடு, வேர்க்கடலை எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து, இவை அலர்ஜி உணவுகள், அரிப்பு வந்தால் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று முடித்திருந்தீர்கள். அதே பக்கத்தில் கீழே இறால் தொக்கு செய்முறை வேறு. சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு என் மகன், "இவங்க சொன்னபடி செஞ்சிருந்தா நான் இப்போ மாலை போட்ட போட்டோவா இருந்திருப்பேன்மா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது தண்டையார்பேட்டை, பிறந்து வளர்ந்தது காசிமேடு. என் அம்மா, அதாவது என் மகனுக்கு ஆயா, மீன் விற்று எங்களை வளர்த்தவர். வியாபாரம் இல்லாத நாளில் இறால் உரிக்கப் போவார். உரித்துவிட்டு வந்த ராத்திரி அவர் விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்துக் கிடக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். இறால் முள் குத்தியிருக்கும், ஐஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம். உரிக்கிற கைக்கே இறால் ஒத்துக்கொள்ளாமல் போகும், சிலருக்கு அது வேகும் ஆவியிலேயே ஆஸ்துமா மாதிரி மூச்சு இளைப்பு வரும் என்பதெல்லாம் எனக்கு ஐம்பது வயது நெருங்கும்போதுதான் தெரிந்தது, அதுவும் மகன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது.

அவன் சின்ன வயதிலிருந்தே இறால் சாப்பிட்டால் நாக்கு குறுகுறு என்கிறது என்பான். நான் மசாலா காரம் என்றேன். ஆயா உடம்புச் சூடு என்றார். பக்கத்து வீட்டம்மா, "இறால் கரப்பான் பண்டமாச்சே, நமநமன்னுதான் இருக்கும்" என்றார். காசிமேட்டு ஆயாவின் பேரனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள், மாமன்மார்கள் கிண்டலடித்தே இரண்டு துண்டு கூடத் தின்ன வைத்துவிடுவார்கள். ஒருமுறை வயிறு, முதுகு எல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்தபோது காணாக்கடி என்று வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தோம், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிட்டது. மிளகுதான் அடக்கியது என்று நம்பினோம். அந்த மாதிரித் தடிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே அமுங்கிவிடும் என்று டாக்டர் சொன்னபோது, மிளகுக்கு நான் கொடுத்த பெருமையெல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் இறால் வறுவல் சாப்பிட்டு உதடு வீங்கியது. மெடிக்கலில் செட்டிரிசின் என்ற அரிப்பு மாத்திரை கொடுத்தார்கள், தூங்கி எழுந்தான், வீக்கம் இல்லை. உங்கள் கட்டுரை சொன்ன அதே வைத்தியம்தான். பலித்தும் விட்டது. பலித்ததுதான் ஆபத்தாகப் போயிற்று, ஏனென்றால் அடுத்த முறையும் நாங்கள் மாத்திரையைத்தான் தேடினோம்.

அடுத்த முறை அவன் இறாலே சாப்பிடவில்லை. பதினோராவது படிக்கும்போது நண்பர்களோடு போய் முட்டை அத்தோ சாப்பிட்டான். அத்தோவைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு, வியாசர்பாடியில் இருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் தள்ளுவண்டிகள் நிற்கின்றன, எனக்கும் அது உயிர். பர்மியச் சமையலில் உலர்ந்த இறால் ரொம்பச் சாதாரணம், நாம் பெருங்காயம் போடுகிற மாதிரி. அந்தக் கடையில் இறாலைப் பொடித்து வாசனைக்கு ஒரு சிட்டிகை தூவியிருக்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும்போதே நாக்கு குறுகுறுப்பு. வாசல்படியில் உட்கார்ந்து உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சொறிந்தான். மாத்திரை கொடுத்தேன். அதை வாந்தி எடுத்துவிட்டான். அப்புறம் குரல் கம்மிப்போயிற்று, ஜலதோஷம் பிடித்த மாதிரி. "என்னமோ ஆகப்போவுதும்மா" என்றான். அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எதிர்வீட்டுத் தம்பி ஆட்டோவை எடுத்தார். எங்கள் பக்கத்துச் சாலைகளில் சாயங்கால நேரத்தில் கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும், சந்து சந்தாகப் புகுந்து போனோம். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்ததும் ஒரு சின்ன டாக்டரம்மா, என் மகளைவிடச் சின்னவர், பேன்ட்டைக்கூடக் கழற்றவில்லை, துணிக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கம் ஊசி போட்டார். அட்ரினலின். பத்து நிமிடத்தில் அவன் முகத்துக்குக் களை வந்தது. நன்றாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன், விடியும்வரை விடமாட்டேன் என்றார். ஒருமுறை அடங்கினது சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாமாம், மறுபடி ஒன்றும் தின்னாமலேயே.

அந்த ராத்திரி முழுக்க அவர் வந்து போகும்போதெல்லாம் நான் கேள்வி கேட்டேன். அலுக்காமல் சொன்னார். உங்கள் கட்டுரையில் வந்திருக்க வேண்டியது அதுதான் என்பதால் எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் வாய் அரித்தால் எல்லாவற்றுக்கும் இப்போது அலர்ஜி என்ற ஒரே பெயர்தான். பிடிகருணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஊசி, அது நாக்கிலும் தொண்டையிலும் குத்துகிறது. சரியாக வேகவைக்காமல் தின்றால் உங்களுக்கும் அரிக்கும் எனக்கும் அரிக்கும், முதலமைச்சருக்கும் அரிக்கும். அதனால்தான் நம் பாட்டிகள் அரிசி கழுவின தண்ணீரில் வேகவைத்து, புளி ஊற்றி மசியல் செய்தார்கள். அன்னாசியும் ஏறக்குறைய அப்படித்தான், அதில் புரதத்தைக் கரைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, நிறையத் தின்றால் நாக்கு புண்ணாகும், சூடாக்கினால் அந்த நொதி போய்விடும். கத்திரிக்காயில் அரிப்பைக் கிளப்புகிற ஹிஸ்டமின் என்ற பொருள் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது, சிலருக்கு நமைச்சல் அதனால். மாங்காய் சீசனில் பள்ளிக்கூட வாசலில் காம்போடு கடித்துத் தின்கிற பிள்ளைகளுக்கு உதட்டோரம் கொப்புளம் வருமே, அது மாங்காய்ப் பால் பட்டதால் வருகிற தோல் ஒவ்வாமை. அது உடனே வராது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்தும் வரும், தோலோடு நிற்கும், தோலைச் சீவிவிட்டுத் தின்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் யாரும் நடுராத்திரியில் ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை.

மீன் விஷயம் தனி, அதை நான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிழைப்பு அது. சூரை, கானாங்கெளுத்தி, கவலை மாதிரி மீன்களைப் பிடித்த உடனே ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால் அதிலுள்ள பாக்டீரியா மீனின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் வாய் மிளகு கடித்த மாதிரி சுருசுரு என்னும், முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பும் வரும், பார்க்க அச்சு அசல் அலர்ஜி மாதிரியே. ஒருமுறை எங்கள் தெருவில் ஒரே கூடையில் சூரை வாங்கிய மூன்று வீட்டிலும் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் முகம் சிவந்துபோனது. அலர்ஜி என்றால் வீட்டில் ஒருத்தருக்கு வரும், மூன்று வீட்டுக்கும் சேர்த்து வராது. ஆனால் அந்த மூன்றில் ஒரு வீட்டம்மா, தனக்கு மீன் அலர்ஜி என்று முடிவு கட்டி, இன்றுவரை நல்ல மீனையும் தொடுவதில்லை. அவருக்கு வந்தது மீன் அலர்ஜி இல்லை, அன்றைக்கு அந்த மீன் கெட்டிருந்தது, அவ்வளவுதான். நானும் பலமுறை சொல்லிவிட்டேன். உங்கள் கட்டுரையைக் காட்டி, பேப்பரிலேயே போட்டிருக்கிறானே என்கிறார். சரி, நான் என்ன பேச.

என் மகனுக்கு இருப்பது இதில் எதுவும் இல்லை. இறாலில் இருக்கிற ட்ரோபோமயோசின் என்ற புரதத்தை அவன் உடம்பு எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. அது கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் பொடித்தாலும் அழியாத புரதம், அதனால்தான் ஒரு சிட்டிகைப் பொடி போதுமாயிருந்தது. நண்டு, சிங்கி இறால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே புரதம். கரப்பான் பூச்சியிலும், வீட்டுத் தூசியில் இருக்கிற சின்னஞ்சிறு உண்ணியிலும்கூட அதன் பங்காளி இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நிலைமையிலும். கரப்பான் பண்டம் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாரே! அவர் சொன்ன கரப்பான் தோல் நோய், இந்தக் கரப்பான் பூச்சி, பெயர் ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனாலும் இறாலும் கரப்பானும் ஒரு வகையில் சொந்தம்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி. மீனில் இருப்பது வேறு புரதம், அதனால் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு மீன் சாப்பிடலாம் என்றார்கள். வஞ்சிரம், வவ்வால் எல்லாம் வெளுத்துக்கட்டுகிறான். கடம்பா, அதாவது கணவாய், மட்டும் இன்னும் தொடவில்லை, அது சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. உண்மையான அலர்ஜியிலும் சில வகை வாயோடு நின்றுவிடும். பூக்களின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சில பச்சைப் பழம், காய் தின்றால் வாய் மட்டும் அரிக்கும், மகரந்தத்தில் இருப்பது போன்ற புரதம் அதிலும் இருப்பதால். வேகவைத்தால் அந்தப் புரதம் உடைந்துபோகும், அரிப்பும் வராது. இறாலோ வேர்க்கடலையோ அப்படி இல்லை. ஆரம்பம் இரண்டிலும் ஒரே மாதிரி குறுகுறுப்புதான், முதல் ஐந்து நிமிடத்தில் எது எது என்று தாய்க்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதனால் அரிப்போடு கூடவே வேறு என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்னார். உடம்பில் தடிப்பு, வாந்தி, குரல் மாறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, மூச்சு இரைப்பது, தலை சுற்றுவது. இதில் ஏதாவது சேர்ந்தால் மாத்திரை, உப்புத் தண்ணீர், வெற்றிலை மிளகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 108 அல்லது ஆட்டோ, எது முதலில் கிடைக்கிறதோ அது. செட்டிரிசின் அரிப்பைக் குறைக்கும், தொண்டை வீங்கி அடைப்பதை நிறுத்தாது. அதை நிறுத்துவது அட்ரினலின் ஊசி ஒன்றுதான், பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்கபடி. ஒன்றும் புதுசான மருந்து இல்லை, விலையும் அதிகமில்லை. மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மூச்சு இரைத்தால் உட்கார வைக்க வேண்டும், எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. நான் அவனை நடத்திக்கொண்டு போய்த்தான் ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்துமா இளைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்றும் சொன்னார். என் மகனுக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்தது.

வெளிநாட்டில் பேனா மாதிரி ஒன்று இருக்கிறது, தொடையில் அழுத்தினால் மருந்து தானே இறங்கும், பள்ளிக்கூடப் பையிலேயே வைத்துக்கொள்வார்களாம். எங்கள் பக்கத்தில் நாலு மெடிக்கலில் கேட்டுப் பார்த்தேன், ஒருவர் என்னிடம் இன்சுலின் பேனாவை எடுத்துக் காட்டினார்.

இதற்கு நடுவில் ஓர் ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த புதிதில் பயத்தில் ஒரு தனியார் லேபில் போய் ரத்தம் கொடுத்தோம், நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்குச் சோதனை என்று விளம்பரம். பல ஆயிரம் ரூபாய். அரிசி, துவரம்பருப்பு, தக்காளி, பால் உட்பட நாற்பது சாமானுக்குச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் பிள்ளை எலும்பும் தோலுமாக ஆனான், அவன் தினமும் தின்று கொண்டிருந்த சோறுதான் எல்லாம். அலர்ஜி டாக்டரிடம் காட்டியபோது அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "என்ன தின்றான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆச்சு, அதை முதலில் சொல்லுங்கள்" என்றார். அப்புறம் முன்கையில் சொட்டு விட்டு லேசாகக் குத்திப் பார்க்கிற சோதனை, கால் மணி நேரம். இறாலுக்கும் நண்டுக்கும் வீங்கியது, மற்றதெல்லாம் சும்மா இருந்தது. நடந்த கதை இல்லாமல் வெறும் சோதனைத் தாளை வைத்து யாரும் பத்தியம் இருக்கக் கூடாது என்றார். அந்த மாதிரி லேப் விளம்பரம் உங்கள் பேப்பரிலும் வருகிறது ஐயா, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் சாமான் பற்றி ஒன்று. 2020ல் வந்த லேபிள் விதிப்படி, இறால் நண்டு வகை, மீன், முட்டை, பால், வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா, கோதுமை மாதிரி குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியம் இதெல்லாம் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழில் போட வேண்டிய கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் போடலாம். என் அம்மா அதை எப்படிப் படிப்பார்? எனக்கே கண்ணாடி போட்டால்தான் அந்த எழுத்து தெரிகிறது. பத்துக் கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கிற பெரிய ஓட்டல்கள் மெனுவிலேயே சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் தின்பதோ தள்ளுவண்டியில். அங்கே விதி எடுபடாது, வாய் விட்டுக் கேட்டால்தான் உண்டு. மீன் வறுக்கிற கடையில் அதே எண்ணெயில் இறாலையும் போட்டிருப்பார்கள், அதே கல், அதே கரண்டி. "அண்ணே, எனக்கு இறால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும், இந்த எண்ணெயில் போட்டீங்களா?" என்று என் மகன் இப்போது நேராகக் கேட்கிறான். முதல் தடவை கேட்க வெட்கப்பட்டான். பிடிக்காது என்று சொன்னால் கொஞ்சம்தானே என்பார்கள், ஆஸ்பத்திரி என்று சொன்னால் கல்லைக் கழுவுகிறார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், "தம்பி, எனக்கு எதுக்கு வம்பு, வேற கடை பாரு" என்றார். அது எவ்வளவோ மேல்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பழக்கினால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். பால், முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகள் பலருக்கு வளர வளர அது விட்டுப்போகும் என்பது உண்மை. இறாலும் வேர்க்கடலையும் பெரும்பாலும் விடாது, வீட்டில் வைத்துப் பழக்கிப் பார்க்கிற விஷயமும் இல்லை. வருகிற கல்யாணத்துக்கு என் அண்ணன் போன் செய்து, உன் பையனுக்குத் தனியாக மீன் சொல்லிவிட்டேன், ஆனால் ஒரே ஒரு இறால் தின்னட்டுமே, நான் இருக்கிறேன் என்றார். அவர் கையில் ஊசி இருக்கிறதா என்று கேட்டேன்.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிறு அதே இடத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். கருணைக்கிழங்கையும் அன்னாசியையும் அந்தக் கட்டத்தில் இருந்து எடுத்துவிடுங்கள், கெட்ட மீனைத் தனியாக எழுதுங்கள், இறாலுக்கும் வேர்க்கடலைக்கும் நேராக மாத்திரை என்று இருக்கிற இடத்தில் 108 என்று போடுங்கள். ஒரு அலர்ஜி டாக்டரைக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது, நான் தையல்காரி, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இறால் தொக்கு செய்முறையை நீங்கள் எடுக்க வேண்டாம், அது நன்றாகத்தான் இருந்தது. ஆயா அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார், பேரன் ஊரில் இல்லாத நாளில் செய்து பார்க்க.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகி